கானோபிக் ஜாடிகள்: எகிப்திய அரசர்களின் உள்ளுறுப்புக் குடுவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்துக் கண்காட்சி பார்த்துவிட்டு வருபவர்களும், பள்ளிக்கூடத்துக்குச் செயல்திட்டம் எழுதுபவர்களும், துட்டன்காமுன் ஆவணப்படம் பார்த்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே உள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

கானோபிக் ஜாடின்னா என்ன? மம்மி பக்கத்துல வரிசையா நாலு இருக்குமே, அதுதானா?

அதேதான். உடலைப் பதப்படுத்தும்போது வயிற்றிலிருந்தும் மார்பிலிருந்தும் வெளியே எடுத்த கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகிய நான்கையும் தனித்தனியாக உலர்த்தி, துணியில் சுற்றி வைத்த பாத்திரங்கள் இவை. ஓர் ஆளுக்கு நான்கு என்பது கணக்கு. இறந்தவர் மறுமையில் முழு உடலோடு எழ வேண்டும் என்பது எகிப்தியர் நம்பிக்கை. அதனால் வெளியே எடுத்த உறுப்பையும் தூக்கிப் போடாமல் கல்லறைக்குள்ளேயே பத்திரமாக வைத்தார்கள்.

அரச அடக்கங்களில் ஜாடிகள் தனியாக நிற்பது குறைவு. அவற்றை நான்கு அறை கொண்ட ஒரு பேழைக்குள் வைத்தார்கள். 18ஆம் வம்ச அரசர்களுக்கு அந்தப் பேழையே ஒற்றைக் கல்லில் குடைந்த நான்கு குழிகளாக மாறியது. ‘ஜாடி’ என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தேடினால் அரசர்களின் மிக முக்கியமான பொருட்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

கானோபிக் எகிப்திய வார்த்தையா? தமிழ்ல தாழின்னு சொல்லலாமா?

எகிப்தியச் சொல் இல்லை, பொருத்தமான பெயரும் இல்லை. நைல் கழிமுகத்தின் மேற்கே, இன்றைய அலெக்சாண்டிரியாவுக்குப் பக்கத்தில், கானோபஸ் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே மனிதத் தலை வைத்த ஜாடி வடிவில் இறந்தவர்களின் கடவுள் ஒசைரிஸை வழிபட்டார்கள். கிரேக்கப் புராண அரசன் மெனலாஸின் கப்பலோட்டி கானோபஸ் அந்த இடத்தில் இறந்தான் என்பது கிரேக்கர் கதை. பின்னாளில் ஐரோப்பியப் பழம்பொருள் ஆர்வலர்கள் தலை வைத்த ஜாடி எதைக் கண்டாலும் அந்தப் பெயரையே ஒட்டிவிட்டார்கள். உள்ளுறுப்புக் குடுவைக்கும் அந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

தாழி என்றால் நமக்கு உடலையோ எலும்பையோ வைத்துப் புதைக்கும் பெரிய மண்பாத்திரம். இங்கே உடல் கல்பேழையில் தனியாக இருக்கிறது, ஜாடியில் இருப்பது உறுப்பு மட்டும். ஆகவே தாழி என்பது குழப்பம் தரும். ‘உள்ளுறுப்புக் குடுவை’ என்றால் தெளிவாக இருக்கும்.

உள்ளே இருக்கறது எல்லாத்தையும் எடுத்துடுவாங்களா? இதயம் எந்த ஜாடியில இருக்கு?

இதயம் எந்த ஜாடியிலும் இல்லை. அறிவும் நினைவும் இதயத்தில்தான் இருக்கின்றன என்று எகிப்தியர் நம்பினார்கள். இறந்தவரின் தீர்ப்பில் தராசில் நிறுக்கப்படுவது இதயம். அதனால் அதை உடலிலேயே விட்டார்கள். மூளைக்கு அவர்கள் மதிப்புத் தரவில்லை. புதிய அரசுக் காலத்தில் (ஏறத்தாழ கி.மு. 1550–1070) மூக்கு வழியாகக் கம்பி விட்டுக் கலக்கி எடுத்து எறிந்தார்கள்.

சிறுநீரகம் பெரும்பாலும் உடலிலேயே தங்கிவிட்டது. அது வயிற்று அறைக்குப் பின்னால், தனிச் சவ்வுக்கு அப்பால், முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. இடது விலாவுக்குக் கீழே போட்ட சிறு வெட்டு வழியே கையை விட்டுத் துழாவுபவருக்கு அது எளிதில் சிக்காது. ‘நாலு உறுப்பு, நாலு ஜாடி’ என்ற விதிக்கு நம்பிக்கை எவ்வளவு காரணமோ, கைக்கு எது எட்டும் என்பதும் அவ்வளவு காரணம்.

எந்த ஜாடியில எது இருக்கும்? எனக்கு எப்பவும் மாறிப்போயிடுது.

காவல் காப்பவர்கள் ஹோரஸ் என்ற கடவுளின் நான்கு மகன்கள். ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு தேவி, ஒரு திசை.

இம்செட்டி: மனிதத் தலை, கல்லீரல், துணை ஐசிஸ், தெற்கு.
ஹாப்பி: பபூன் குரங்குத் தலை, நுரையீரல், துணை நெஃப்திஸ், வடக்கு.
துவாமுதெஃப்: நரித் தலை, இரைப்பை, துணை நெய்த், கிழக்கு.
கெபெசெனூஃப்: வல்லூறுத் தலை, குடல், துணை செர்கெத், மேற்கு.

இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது இதை மட்டும் நம்பக் கூடாது. கி.மு. 1000க்குப் பிந்தைய காலத்தில் துவாமுதெஃபின் நரித் தலையும் கெபெசெனூஃபின் வல்லூறுத் தலையும் ஒன்றுக்கொன்று இடம் மாறி வருவதுண்டு. தலையைவிட ஜாடியின் முன்புறம் பொறித்த பெயர் உறுதியான சாட்சி.

ஹாப்பி நைல் நதிக் கடவுள் ஆச்சே?

அவர் வேறு. வெள்ளத்தின் கடவுள் தொங்கும் வயிறும் தலையில் நீர்ச்செடியுமாக இருப்பார். நம் எழுத்தில் இரண்டு பெயரும் ஒன்றுபோல விழுகின்றன, எகிப்திய எழுத்தில் அப்படி இல்லை.

உறுப்பை எடுத்து அப்படியே ஜாடியில போட்டா அழுகிடாதா?

அழுகும். அதனால்தான் ஜாடி கடைசிப் படி. முதலில் இடது பக்க வெட்டு. மூன்றாம் துட்மோஸ் காலம்வரை அது விலாவுக்கும் இடுப்புக்கும் இடையே நெட்டுக்குத்தாக இருந்தது. பிறகு தொடைக்கு இணையாகச் சரிந்த வெட்டாக மாறியது. குடல், இரைப்பை, கல்லீரல் எடுத்தபின் உதரவிதானத்தைக் கிழித்து, இதயத்தைத் தொடாமல் நுரையீரலை எடுக்க வேண்டும். முழுவதும் கைத்தடவலில் நடக்கும் வேலை இது.

அடுத்தது கழுவுதல். வயிற்றுக் குழியைப் பனைக் கள்ளால் கழுவினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பிறகு நேட்ரான். வாடி நட்ரூன் ஏரிப் படுகையில் கிடைத்த இயற்கை உப்பு அது. சோடியம் கார்பனேட், பைகார்பனேட், சாதா உப்பு, சல்பேட் எல்லாம் கலந்திருக்கும். நீரை உறிஞ்சும், கொழுப்பைச் சோப்பாக்கும், காரத்தன்மையால் கிருமிகளை அடக்கும். உடல் ஏறத்தாழ 40 நாள் இதில் கிடந்தது. சடங்குகளோடு சேர்த்து மொத்தம் 70 நாள். உறுப்புகளையும் இதேபோல் உலர்த்தி, எண்ணெயும் உருக்கிய பிசினும் பூசி, லினன் துணியில் பொட்டலமாகச் சுற்றினார்கள்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். சரியாக உலராத பொட்டலம் ஜாடிக்குள் ஈரம் விட்டு நைந்துபோகும். பிசினை அளவுக்கு மீறி ஊற்றினால் பாறைபோல் இறுகி, உள்ளே இருப்பதை அடியோடு ஒட்ட வைத்துவிடும். இரண்டாவதற்குத் துட்டன்காமுனின் பேழையே சாட்சி.

எல்லா ராஜா ராணிக்கும் வயிற்றை வெட்டி எடுத்தாங்களா?

இல்லை. 11ஆம் வம்சத்தில் இரண்டாம் மென்டுஹோடெப்பின் அரச மகளிர் சிலருடைய உடல்கள் தெய்ர் எல்-பஹரியில் கிடைத்தன. அவற்றில் வயிற்று வெட்டே இல்லை. அரச அடக்கம் என்றாலே நான்கு உறுப்பும் நான்கு ஜாடியும் இருந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு முழு கல்லீரல் எப்படி அந்தச் சின்ன ஜாடிக்குள்ள போகும்?

வளர்ந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதில் பெரும்பகுதி நீர். நேட்ரானில் உலர்ந்து நீர் போனபின் சுருங்கிக் கறுத்துக் கையளவுக்கு வந்துவிடும். குடல் நீளமானாலும் காற்றும் நீரும் போனால் வெறும் நாடாதான், மடித்துச் சுற்றிவிடலாம்.

வழக்கமான கல் ஜாடி மூடியோடு சேர்த்து 25 முதல் 45 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். வெளித்தோற்றத்தைப் பார்த்துக் கொள்ளளவைக் கணிக்கக் கூடாது. தோள்பட்டை அகலமாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் நேர்க்குழாய் போலத்தான் குடைந்திருப்பார்கள். காரணம் அடுத்த பதிலில்.

கல்லுக்குள்ள அவ்வளவு ஆழமா எப்படிக் குடைஞ்சாங்க? இரும்பே இல்லையே அப்போ.

இரும்பு தேவைப்படவில்லை. அரச ஜாடிகளுக்குப் பிடித்தமான கல் எகிப்திய அலபாஸ்டர் எனப்படும் கால்சைட். மத்திய எகிப்தில், அமர்னா என்ற இடத்துக்குத் தென்கிழக்கே உள்ள ஹட்நூப் சுரங்கம் இதற்குப் பேர்போனது. சிப்சத்தாலான அலபாஸ்டர் வேறு, இது வேறு. கால்சைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவில் 3. குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை 7. செம்புக் குழாயின் அடியில் ஈர மணலைப் போட்டுச் சுழற்றினால் அறுப்பது செம்பு அல்ல, மணல். குழாய் இறங்க இறங்க நடுவில் ஒரு கல் தண்டு நிற்கும். அதைத் தட்டி உடைத்து எடுத்துவிடுவார்கள்.

தோள்பட்டையின் உட்புறத்தை அகலப்படுத்த, பிறை வடிவச் சிக்கிமுக்கிக் கல்லைக் கவட்டைக் கம்பில் மாட்டி, மேலே கல் பாரம் கட்டிச் சுழற்றினார்கள். அது நேரம் பிடிக்கும் வேலை, ஓரம் உடையும் அபாயமும் உண்டு. அதனால் பல ஜாடிகளில் உட்சுவரை நேராகவே விட்டுவிட்டார்கள். விளக்கை உள்ளே காட்டினால் சுற்றிச் சுற்றி ஓடும் மெல்லிய கீறல் வளையங்கள் தெரியும். மணல் ஓடிய தடம் அது.

அலபாஸ்டரைத் தவிர சுண்ணாம்புக்கல், சுட்ட மண், மரம், குவார்ட்ஸ் பொடியைச் சுட்டு நீலப் பளபளப்பு ஏற்றிய ஃபயன்ஸ் ஆகியவற்றிலும் ஜாடிகள் உண்டு.

முதல் முதல்ல யாருக்கு இப்படிப் பண்ணினாங்க?

அரச குடும்பத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய தெளிவான சான்று ராணி ஹெட்டெபெரஸ், பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தாய், 4ஆம் வம்சம். கீசாவில் பெரிய பிரமிடுக்குக் கிழக்கே ஏறத்தாழ 27 மீட்டர் ஆழக் குழியின் அடியில் இருந்த அறையை அமெரிக்கத் தொல்லியலாளர் ரைஸ்னரின் குழு 1925இல் கண்டது. கல்பேழையை 1927இல் திறந்தபோது உள்ளே உடல் இல்லை. ஆனால் மேற்குச் சுவரில் பூசி மறைத்த மாடத்துக்குள் ஓர் அலபாஸ்டர் பேழை இருந்தது. நான்கு அறைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துணிப் பொட்டலம். மூன்று அறைகளில் திரவம் அப்படியே நின்றது. சோதித்ததில் அது ஏறத்தாழ 3 சதவீத நேட்ரான் கரைசல். நாலரை ஆயிரம் ஆண்டுகளாக வற்றாத கரைசல்!

இந்தக் கண்டுபிடிப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜாடி வருமுன்பே பேழை வந்துவிட்டது. ‘நான்கு’ என்ற எண்ணிக்கை தொடக்கத்திலேயே இருக்கிறது. தலை, கடவுள் பெயர், மந்திரம் எதுவும் இன்னும் இல்லை. அதே அரச குடும்பத்தில், கூஃபுவின் பேத்தியான ராணி மூன்றாம் மெரசாங்கின் கல்லறையில் கிடைத்தவை தனி ஜாடிகளில் மிகப் பழையவற்றுள் சேர்ந்தவை.

பிரமிடுக்குள்ள இதெல்லாம் எங்க வெச்சாங்க?

தரையில். கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடில் கல்பேழைக்கு அருகே தரையில் ஒரு சிறு குழி வெட்டியிருக்கிறது. உள்ளுறுப்புப் பேழைக்கான இடம் என்று அதைக் கருதுகிறார்கள். பிந்தைய பிரமிடுகளில் இந்தக் குழி கல்பேழையின் தென்கிழக்கே வருவது வழக்கமாயிற்று. சக்காராவில் முதலாம் பெப்பியின் பிரமிடில் இளஞ்சிவப்புக் கிரானைட் பேழை தரைக்குள் பதிந்தபடி கிடைத்தது. பக்கத்தில் உறுப்புப் பொட்டலம் ஒன்றும் இருந்தது. ஜாடி நொறுங்கிப் போயிருக்க, அது இருந்த வடிவத்தை மட்டும் பொட்டலம் இன்னும் பிடித்து வைத்திருந்தது.

விலங்குத் தலை ஆரம்பத்துலேர்ந்தே இருந்துச்சா?

இல்லை. பலரும் தவறவிடும் இடம் இது. பழைய அரசுக் காலத்து (ஏறத்தாழ கி.மு. 2700–2200) மூடி தட்டையாகவோ லேசாகக் குவிந்தோ இருக்கும், உருவம் கிடையாது. அதற்கு அடுத்த முதல் இடைக்காலத்தில் மனிதத் தலை வருகிறது. மத்திய அரசுக் காலம் முழுவதும், 18ஆம் வம்சத்தின் பெரும்பகுதியிலும் நான்கு மூடியும் மனிதத் தலைதான். நரி, குரங்கு, வல்லூறு என்று பிரிவது 18ஆம் வம்சத்தின் முடிவில் தொடங்கி 19ஆம் வம்சத்தில் நிலைத்த வழக்கம் ஆகிறது. ஹோரஸின் மகன்களின் பெயர் அதற்கு வெகு முன்பே எழுத்தில் இருந்தது. முகம்தான் பின்னால் வந்தது. ஆக, நான்கு மனிதத் தலைகளைப் பார்த்து ‘மூணு ஜாடி காணாமப் போச்சு போல’ என்று நினைக்க வேண்டாம்.

ஜாடி மேல என்ன எழுதியிருக்கு?

பொதுவாக நெட்டுக்குத்தான சில வரிகள். தேவி பேசுவதுபோல அமையும். ஐசிஸ் தன்னுள் இருப்பதைத் தன் கைகளால் அணைத்துக்கொள்வதாகவும், தன்னுள் இருக்கும் இம்செட்டியைக் காப்பதாகவும் சொல்வாள். பிறகு ‘ஒசைரிஸ்’ என்ற அடைமொழியோடு இறந்த அரசரின் பெயர் நீள்வட்டச் சட்டத்துக்குள் வரும். இந்த வாசகத்தின்படி ஜாடிதான் தேவியின் உடல், உள்ளே இருக்கும் உறுப்பே இம்செட்டி. படித்தபின் அந்தப் பாத்திரம் வேறு மாதிரித் தெரியும்.

துட்டன்காமுனுக்கு ஜாடியே இல்லைன்னு சொல்றாங்க, நிஜமா?

தனி ஜாடி இல்லை. அதற்குப் பதில் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து அடுக்கு இருந்தது. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்ட கல்லறையில், கருவூலம் எனப்படும் அறையின் கிழக்குச் சுவரோரம் இது நின்றது. வெளியே இருந்து உள்ளே போகலாம்.

முதலில் நான்கு தூண் விதானம், அதனுள் பொன் தகடு போர்த்திய மரக் கோயில். மொத்தம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். நான்கு பக்கமும் ஒவ்வொரு தேவி கை விரித்துக் கோயிலைப் பார்த்து நிற்கிறாள். எகிப்தியச் சிலை நேராகப் பார்ப்பதே மரபு. இவர்களோ தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி, யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறார்கள். சற்று முன் ஆண்ட அக்நாட்டென் காலத்து அமர்னாக் கலையின் சாயல் இது.

அதற்குள் லினன் போர்த்திய அலபாஸ்டர் பேழை, சறுக்குவண்டி மேல். மூடியைக் கயிற்றால் கட்டி முத்திரை வைத்திருந்தார்கள். மூடியைத் தூக்கினால் நான்கு அரசத் தலைகள், இரண்டிரண்டாக எதிரெதிர் முகம் பார்த்தபடி. கண்ணும் புருவமும் கறுப்பு, உதடு சிவப்பு. நெற்றியில் கழுகும் நாகமும். அவை அடைப்பான்கள். பார்த்தால் நான்கு ஜாடி உள்ளே நிற்பதுபோல இருக்கும். உண்மையில் எல்லாம் ஒரே கல்தான். ஜாடியின் வாய் போலச் செதுக்கி, அடியில் உருளைக் குழி குடைந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு குழியிலும் துணி சுற்றிய 39 சென்டிமீட்டர் பொன் சவப்பெட்டி ஒன்று செங்குத்தாக நின்றது. அரசனின் இரண்டாம் சவப்பெட்டியின் சிறு நகல் அது. வெளியே வண்ணக் கண்ணாடியும் கார்னீலியனும் பதித்த இறகு வடிவம், உட்புறப் பொன்னில் மந்திர வரிகள். அதற்குள்தான் உறுப்புப் பொட்டலம். சடங்கில் ஊற்றிய தைலம் இறுகி, சிறு சவப்பெட்டிகளைக் குழியோடு ஒட்ட வைத்திருந்தது.

அந்த அலபாஸ்டர் முகம் துட்டன்காமுன் மாதிரியே இல்லையே?

கவனித்தவர் கண் நல்ல கண். முகமூடியிலும் சிலைகளிலும் நாம் பார்த்த முகத்தோடு அது ஒத்துப்போகவில்லை. பொன் சிறு சவப்பெட்டிகளின் உட்புறத்தில் விடை இருக்கிறது. அரசன் பெயர் வரும் சட்டங்களில் முன்பிருந்த எழுத்தைத் திருத்தித் துட்டன்காமுன் பெயரை ஏற்றியிருக்கிறார்கள். அடியில் படிக்கக் கிடைக்கும் பெயர் நெஃபெர்நெஃபெருவாட்டென், அவனுக்குச் சற்று முன் ஆண்டவர். வேறொருவருக்குச் செய்து பயன்படாமல் இருந்த பொருளை, இளவயதில் இறந்த அரசனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

70 நாள் கெடு என்று மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். பொன்னில் நுணுக்கமாகப் பதிப்பு வேலை செய்த நான்கு பெட்டிகளை அந்த நாட்களுக்குள் புதிதாகச் செய்து முடிப்பது எளிதல்ல.

ராஜாக்கள் பள்ளத்தாக்குல ஒரு கல்லறையில பொம்பளைத் தலை வெச்ச ஜாடி கிடைச்சுதாமே, அது யாரோடது?

1907இல் திறந்த கேவி55 கல்லறை (‘கேவி’ என்பது அரசர்கள் பள்ளத்தாக்குக் கல்லறைகளின் எண் குறி). உள்ளே பெயர் சிதைந்த சவப்பெட்டியில் ஓர் ஆணின் எலும்புக்கூடு, பக்கத்தில் நான்கு அலபாஸ்டர் ஜாடிகள். மூடிகளில் அழகான பெண் முகம், அடுக்கடுக்கான சிகை. உடற்பகுதியில் இருந்த எழுத்தைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். மிச்சத் தடங்களை வைத்து அவை முதலில் அக்நாட்டெனின் இளைய மனைவி கியாவுக்குச் செய்தவை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அரசப் பயன்பாட்டுக்கு மாற்றும்போது நெற்றியில் நாகம் ஒன்றைப் பொருத்தினார்கள், பிறகு அதுவும் உடைந்துபோயிற்று. மூன்று ஜாடி கெய்ரோவிலும், ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

முகத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. முகம் ஒருத்தியுடையது, நாகம் அரச உரிமையைச் சொல்கிறது, அடக்கமானவர் மூன்றாம் ஆள்.

அக்நாட்டென் பழைய கடவுள்களை ஒதுக்கினாரே, அவருக்கும் இது இருந்துச்சா?

இருந்தது. அமர்னா அரசக் கல்லறையில் நொறுங்கிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய பேழை அது. மூலைகளில் ஐசிஸ் முதலிய நான்கு தேவிகளுக்கு இடமில்லை. சிறகு விரித்த வல்லூறுகள் அங்கே நிற்கின்றன. பழக்கம் தொடர்ந்தது, காவலர்கள் மட்டும் மாறினார்கள். உட்புறத்தில் தைலக் கறை காணப்படாததால், பேழை பயன்படுத்தப்படவே இல்லை என்று கருதப்படுகிறது.

லூவ்ர்ல இருக்கற ராம்செஸோட நீல ஜாடி நாலும் அவர் உறுப்பு வெச்சதுதானே?

பல காலம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான்கு நீல ஃபயன்ஸ் ஜாடிகள், மேலே இரண்டாம் ராம்செஸின் பெயர். எண்ணிக்கை பொருந்தியது, பெயர் பொருந்தியது. 2007இல் வெளியான வேதியியல் ஆய்வு உள்ளே ஒட்டியிருந்த எச்சத்தைச் சோதித்தது. ஒன்றில் இருந்தது வாசனைத் தைலம். கார்பன் கணிப்பில் வந்த காலமும் அரசனின் மரணத்துக்கு வெகு பிந்தையது. அவனுடைய உறுப்புக்கும் இந்த ஜாடிகளுக்கும் தொடர்பில்லை என்று முடிவாயிற்று. பழைய புத்தகங்களிலும் அவற்றைப் பார்த்து எழுதிய பக்கங்களிலும் பழைய செய்தியே இன்னும் ஓடுகிறது.

சில ஜாடிக்குள்ள ஓட்டையே இல்லையாமே? ஏமாத்து வேலையா?

ஏமாற்று இல்லை. 21ஆம் வம்சத்தில் முறை மாறியது. உலர்த்திய உறுப்புகளைப் பொட்டலம் கட்டி, ஹோரஸின் மகன்களின் சிறு மெழுகு உருவங்களோடு சேர்த்து, மறுபடி வயிற்றுக்குள்ளேயே வைத்தார்கள். உடல் முழுமை பெற்றது. ஆனால் ஜாடி இல்லாத அடக்கம் குறையாகத் தோன்றியிருக்கிறது. அதனால் நான்கு ஜாடியும் கல்லறையில் இடம் பிடித்தன. குழி குடையாத திடக்கல்லாகவோ, ஒப்புக்கு ஓரிரு அங்குலம் மட்டும் குடைந்தோ செய்திருப்பார்கள். காவல்தான் அவற்றின் வேலை, கொள்ளளவு அல்ல.

துட்டன்காமுனுக்கு அப்புறம் யாருக்குமே அவ்வளவு சிறப்பா கிடைக்கலையா?

நைல் கழிமுகத்து டானிஸ் ஊரில் உள்ள 21, 22ஆம் வம்ச அரசக் கல்லறைகளைப் பாருங்கள். பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் மோன்டே 1939, 1940இல் தோண்டியவை. முதலாம் சூசென்னஸின் அலபாஸ்டர் ஜாடிகளில் நான்கு தலையும் தனித்தனி, நெற்றியில் நாகம், பொன் அலங்காரம். இரண்டாம் ஷெஷோங்குக்கு உறுப்பு வைக்க வெள்ளியில் சிறு சவப்பெட்டிகள் நான்கு. துட்டன்காமுனின் பொன் பெட்டிகளுக்கு நேர் உறவு அவை. உலகப் போர் மூண்ட நேரத்தில் வெளிவந்ததால் இந்தக் கண்டுபிடிப்புக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்காமல் போயிற்று. அது பெரிய வருத்தம்.

ஜாடிக்குள்ள என்ன தைலம் ஊத்தினாங்கன்னு இப்போ கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், எச்சம் மிஞ்சியிருந்தால். 1900இல் கேவி42இல் கார்ட்டர் எடுத்த செனெட்னே என்பவரின் ஜாடிகள் நல்ல எடுத்துக்காட்டு. அவர் இரண்டாம் அமென்ஹோடெப்பின் செவிலித்தாய், அதனால் அரசர்கள் பள்ளத்தாக்கிலேயே இடம் பெற்றவர். ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள அவருடைய இரண்டு ஜாடிகளில் உறுப்பு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல்லின் நுண்துளைகளுக்குள் தைலம் ஊறியிருந்தது. 2023இல் வெளியான ஆய்வில் தேன்மெழுகு, தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு, நிலக்கீல், ஊசியிலை மரப் பிசின், நறுமணப் பால்சம் இவற்றோடு, குங்கிலியமோ பிஸ்டாசியா மரப் பிசினோ ஒன்று தெரியவந்தது. கல்லீரல் ஜாடிக்கும் நுரையீரல் ஜாடிக்கும் கலவை சற்று வேறுபட்டது.

அதே ஆண்டு சக்காராவில் 26ஆம் வம்சப் பதப்படுத்தும் பட்டறையின் 31 பாத்திரங்களைச் சோதித்த மற்றோர் ஆய்வு, குங்கிலிய வகைப் பிசினை உறுதியாகவே கண்டது. தென், தென்கிழக்கு ஆசிய வெப்பக் காட்டு மரங்களின் பிசின் அது. நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைக் குங்கிலியம் என்று கேட்டு வாங்குவதும் அந்தக் குடும்பத்து மரத்தின் பிசின்தான். அதற்காக அது நம் ஊரிலிருந்து போனது என்று சொல்லிவிட முடியாது, ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை.

இதனால்தான் பழைய ஜாடியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது பெரிய இழப்பு. பளிச்சென்ற ஜாடி கண்ணுக்கு அழகு, ஆய்வுக்கு வெறும் கல்.

ஹட்ஷெப்சுட் மம்மியை ஒரு பல்லை வெச்சுக் கண்டுபிடிச்சாங்களே, அந்தப் பெட்டி கானோபிக் பெட்டியா?

அவர் பெயர் பொறித்த சிறு மரப்பெட்டி அது. 1881இல் வெளிப்பட்ட தெய்ர் எல்-பஹரி மறைவிடத்தில் கிடைத்தது, உள்ளே பதப்படுத்திய உள்ளுறுப்பு இருந்தது. 2007இல் ஸிடி ஸ்கேன் செய்தபோது ஒரு பல்லும் தெரிந்தது. கேவி60இல் இருந்த பெண் மம்மியின் தாடையில் விடுபட்ட பல் அதுதான் என்று எகிப்தியத் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸின் குழு அறிவித்தது. பல்லின் வேர் அமைப்பும் தாடையின் இடைவெளியும் பொருந்தவில்லை என்று பிறகு ஆட்சேபங்கள் வந்தன. தீர்ந்துபோன வழக்காக இதை எழுத வேண்டாம்.

மியூசியத்துல பார்க்கும்போது மூடியும் ஜாடியும் ஒரே செட்டான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்தச் சந்தேகம் நியாயமானது. 19ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் மூடியைத் தனியாகவும் ஜாடியைத் தனியாகவும் விற்றார்கள். வாங்கியவர்கள் பொருந்துவதைப் பொருத்தினார்கள். முதலில் கல்லைப் பாருங்கள். அலபாஸ்டரில் வெண்மையும் தேன்நிறமுமான பட்டைகள் ஓடும். மூடியிலும் ஜாடியிலும் நிறமும் பட்டையின் தன்மையும் ஒத்துப்போக வேண்டும். அடுத்து வாய் விளிம்பு. மூடியின் அடியில் துருத்தி நிற்கும் குமிழ் ஆடாமல் உட்கார வேண்டும், சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும்.

பிறகு எழுத்து. ஜாடியில் கெபெசெனூஃப் என்று இருந்து மேலே குரங்குத் தலை உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் பிற்காலச் சேர்க்கை. நரியும் வல்லூறும் மாறியிருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம், அது பழங்காலத்திலேயே நடந்தது என்று மேலே சொல்லியிருக்கிறோம். கடைசியாக, முடிந்தால் உட்புறம்: குழியின் ஆழம், அடியில் கறுத்த பிசின் கறை. கறையும் ஆழமும் இருந்தால் உள்ளே ஏதோ இருந்தது. ஆழம் இருந்து கறை இல்லையென்றால் கழுவியிருக்கலாம், அக்நாட்டென் பேழைபோல் பயன்படாமலும் இருந்திருக்கலாம். ஆழமே இல்லையென்றால் 21ஆம் வம்சத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் நினைத்துப் பாருங்கள்.

நேர்ல போனா எதைக் கட்டாயம் பார்க்கணும்?

கீசாவில் உள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் துட்டன்காமுனின் பொன் கோயில், அலபாஸ்டர் பேழை, சிறு சவப்பெட்டிகள். கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் நடந்து, ஒவ்வொரு தேவியின் தலைமேல் உள்ள குறியைப் பாருங்கள். செர்கெத்துக்குத் தேள், ஐசிஸுக்கு அரியணை. யார் எந்த உறுப்புக்குக் காவல் என்பதை மேலே உள்ள பட்டியலோடு அங்கேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம். பேழையருகே குனிந்து, ஜாடியின் வாய்போல் தோன்றும் விளிம்பு கல்லோடு எங்கே சேர்கிறது என்று தேடுங்கள். இணைப்பு எங்கும் இருக்காது.